ஜப்பான்காரனும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்கிறான்

திருகோணமலைத் துறைமுகத்துக்கும் ஜப்பானுக்கும் பழக்கம் குண்டோடுதான் தொடங்கியது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து கொட்டிவிட்டுப் போனதில் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. அன்று குண்டுபட்ட 'சகாயிங்' கப்பலைக் கடற்படை 2018இல்தான் துறைமுகத்தின் அடியிலிருந்து தூக்கி எடுத்தது. பிறகு டோக்கியோ சீமெந்து வந்தது, வான் வந்தது, லொறி வந்தது. எனக்கு இப்போது பாஷையும் வந்திருக்கிறது. அதில் நான் தலைகுப்புற விழுந்து கிடக்கிறேன். எழும்புகிற எண்ணம் இல்லை.

ஊரில் பலருக்கும் முதல் ஜப்பானிய ஆசிரியர் இறக்குமதியான பழைய வாகனம்தான். வானைத் திறப்புப் போட்டுத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று ஜப்பானிய மொழியில் அறிவிக்கும். திருகோணமலையில் அதை எங்கே செருகுவது! மீன் ஏற்ற வந்த லொறி பின்னுக்கு எடுக்கும்போது "பக்கு ஷிமாஸ், கொச்சூய் குதசாய்" என்னும். பின்னுக்கு வருகிறேன், தயவுசெய்து கவனியுங்கள் என்று பொருள். நம் சாரதிமார் "டேய் விலகு" என்று கத்துகிற இடத்தில் இயந்திரம் இப்படிக் கெஞ்சுகிறதே! அந்தக் 'குதசாய்'தான் என்னை வகுப்பு வரைக்கும் இழுத்துப் போனது.

போன பிறகுதான் உண்மையான அதிசயம். வீட்டை விட்டுப் புறப்படும் ஜப்பானியர் "இத்தே கிமாஸ்" என்பார். 'இத்தே' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். போட்டு வாறன்! "போறன்" என்று சொன்னால் அம்மாவின் முகம் கறுக்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு இதை யார் விளக்க வேண்டும்? வீட்டில் இருப்பவர் "இத்தேராஷாய்" என்பார். போட்டு வாங்கோ. திரும்பி வந்ததும் "ததைமா", அதற்குப் பதில் "ஒகாயெரி". வாசலில் நடக்கிற இந்த நான்கு சொற்களும் தினமும் தவறாது என்கிறார்கள். நாங்கள் வருகிறபோது செருப்பைக் கழற்றுவதோடு சரி.

இலக்கணம் இன்னும் இனிக்கிறது. 'தபேத்தே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கத்தே ஒக்கு' என்றால் வாங்கி வை. பார்ப்பதும் வைப்பதும் வினையின் வாலில் வந்து ஒட்டுவதை ஆங்கிலத்தில் விளக்க ஆசிரியர்கள் மூச்சு வாங்குவார்கள். நமக்கு ஒரே வரியில் விளங்கிவிடும். 'கொரே, சொரே, அரே' என்பவை இது, உது, அது. தமிழ்நாட்டார் கைவிட்ட 'உது' நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் கேட்பவர் பக்கத்தில் இருக்கிற பொருளைச் சுட்டும் 'சொரே' ஈழத்தமிழருக்குச் சும்மா கிடைத்த பரிசு. இரட்டைக்கிளவியும் உண்டு: மினுமினுப்புக்குக் 'கிராகிரா', நெஞ்சு படபடப்புக்குத் 'தொகிதொகி'.

இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதாடினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவனுக்கு லாபம்தான்.

பண்பாடு பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் கதைக்கும்போது மற்றவர் "ஹாய், ஹாய், சோ தெஸ் நே" என்று இடைவிடாமல் உம் கொட்ட வேண்டும். பேசாமல் இருந்தால் கேட்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதும் வழக்கமில்லை, "சொத்தோ..." என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "பாப்பம்" என்கிற நம் மாமாமாரை நினைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கும் பாணின் பெயர் 'பான்'. 1543இல் ஜப்பானில் கரையேறிய போர்த்துக்கீசர் கொடுத்த சொல் அது. கோணேசர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டிய அதே கூட்டம்தான் நமக்கும் பாணைத் தந்துவிட்டுப் போனது.

எல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். காஞ்சி எழுத்து ஆளைத் தின்னும். நீளமான பொருளை எண்ண ஒரு சொல், தட்டையானதுக்கு இன்னொன்று, பூனைக்கும் மீனுக்கும் வேறொன்று. சந்தையில் மீனைப் பார்த்தாலே எனக்கு இப்போது கணக்குப் பிசகுகிறது.

பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகவென்று படிக்கிற இளையவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும், என்னைப் போலச் சும்மா ஆசைக்குப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்காதேங்கோ. ஹிரகானாவின் 46 எழுத்தையும் முதலில் கையால் எழுதிப் பழகுங்கோ. பௌத்தத்தோடு போன இந்திய எழுத்து வரிசையைப் பின்பற்றியதால் அது அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கிக் க வரிசை, ச வரிசை என்றே நடக்கிறது. பாதியை நீங்கள் பாலர் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டீர்கள்.