பழைய முகங்களும் புதிய பதிப்புகளும்

வடிவமைப்பு, புகைப்படத் திருத்த மென்பொருள்களில் புதிய பதிப்பொன்று வெளியானதும் அதை உடனே இறக்கி, கைக்கெட்டிய படமொன்றை இட்டுப் பார்த்து, திருத்தத்துக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அருகருகே வைத்துச் சுற்றுக்கு விடுவது படப்பிடிப்பாளர்களிடமும் அச்சக வடிவமைப்பாளர்களிடமும் இன்று வேரூன்றிவிட்ட வழக்கம். வட இலங்கையின் வடமராட்சிக் கரையிலுள்ள வல்வெட்டித்துறை போன்றதோர் ஊரில் அவ்வாறு இட்டுப் பார்க்கப்படும் படம் பெரும்பாலும் பழைய படமாகவே இருக்கும். போருக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய அடையாள அட்டைப் படம், மஞ்சளேறிய திருமணப் படம், பாய்க்கப்பலொன்றின் கறுப்பு வெள்ளைப் படம் என்று அதன் வகைகள் பல. இவ்வழக்கத்துக்கு இரண்டு நியாயங்கள் சொல்லப்படுகின்றன. புதியதைப் பழகாதவர் தொழிலில் பின்தங்குவார் என்பது ஒன்று. சிதைந்த நினைவுகளுக்குப் புதிய மென்பொருள் உயிர் கொடுக்கிறது என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் உண்மை. பின்னது பிழையான நம்பிக்கை. அதன்மேல் எழுப்பப்படும் பணி ஊரின் நினைவுக்கே ஊறு செய்வது.

வழக்கத்தின் நன்மைகளை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை. 2013இல் அடோபி நிறுவனம் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறையைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியபின், டொலர்க் கணக்கில் அதைக் கட்ட இயலாத சிறு நிலையங்கள் மாற்று மென்பொருள்களை அறிந்துகொண்டது இவ்வாறு பரீட்சித்துப் பார்த்தவர்களால்தான். 2025 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 3.0, அதே ஆண்டு ஒக்டோபரில் இலவசமாக்கப்பட்ட அஃபினிற்றி ஆகியவற்றின் பயன் அவ்வழியாகவே பரவியது. தமிழ் எழுத்து விடயத்தில் கிடைத்த நன்மை இன்னும் பெரிது. ஈழத்து அச்சகங்கள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தங்கியிருந்தன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்ட எழுத்துரு அது. அதில் தட்டெழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் குவியலே. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்ணிடம் ஒதுக்கும் ஒருங்குறி முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், வடிவமைப்பு மென்பொருள்கள் பல ஆண்டுகள் அதைச் சரிவரக் காட்டவில்லை. மெய்க்கு முன்னே வரவேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் ‘கொ’, ‘சௌ’, ‘ஸ்ரீ’ என்று தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது, எந்த அமைப்பை மாற்றினால் சரியாகிறது என்று கண்டு சொன்னவர்களின் உழைப்பு மறக்கத்தக்கதன்று.

ஆனால் அந்தச் சோதனை சோதனையாக நின்றதற்குக் காரணம் ஒன்று உண்டு. ‘கொ’ எவ்வாறு அமைய வேண்டும் என்பது சோதிப்பவருக்கு முன்பே தெரியும். மென்பொருள் தவறினால் தவறு கண்ணில் குத்தும். பழைய படத்தைச் செப்பனிடும் புதிய கருவிகளின் தவறு இதற்கு நேர்மாறானது. அது கூர்மையாகவும் அழகாகவும் குறையற்றதாகவும் வந்து நிற்கும். உண்மையான முகம் எப்படி இருந்தது என்பது சோதிப்பவருக்குத் தெரியாதவரை, கருவி தந்தது மீட்பா கற்பனையா என்று கூற அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை. எனவே புதிய பதிப்பை இட்டுப் பார்த்து வியக்கும் வழக்கம், அந்தப் பதிப்பின் மிகப் பெரிய குறையைக் காணவே இயலாத முறையில் அமைந்திருக்கிறது. இதுவே இவ்வழக்கத்தின் அடிப்படைப் பலவீனம். மற்றக் குறைகளெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இக்குறை திடீரென்று தோன்றியதன்று. கருவிகள் வளர்ந்த வரிசையிலேயே அது படிப்படியாகப் புகுந்தது. அடோபியின் போட்டோசொப் மென்பொருளுடைய தொடக்க காலக் கருவிகளுள் ஒன்றான குளோன் கருவி, படத்தின் ஓரிடத்தை எடுத்து இன்னோரிடத்தில் அப்படியே பதித்தது. எதை எடுப்பது, எங்கே பதிப்பது என்பதைத் தீர்மானித்தது மனிதக் கை. 2002இல் வந்த ஏழாம் பதிப்பின் செப்பனிடும் தூரிகை, எடுத்த இடத்தின் இழைவைச் சுற்றியுள்ள ஒளிக்கும் நிறத்துக்கும் ஏற்ப இசைத்துப் பதித்தது. 2010இல் வந்த சூழலறிந்து நிரப்பும் வசதி, படத்தின் பிற பகுதிகளைத் தானே தேடிப் பொருத்தியது. இம்மூன்றிலும் இட்டு நிரப்பப்பட்டது அந்தப் படத்துக்குள்ளிருந்தே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2020இல் நரம்பியல் வடிகட்டிகள் என்ற பெயரில் வந்தவையும், 2023 மே மாதத்தில் பரீட்சார்த்தப் பதிப்பில் தோன்றி அதே ஆண்டு செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஆக்க நிரப்பலும் அந்த எல்லையைக் கடந்தன. அவை இடும் வடிவங்கள் படத்துக்கு வெளியிலிருந்து, பயிற்சிக்காக ஊட்டப்பட்ட பெருந்தொகையான பிற படங்களிலிருந்து, இங்கே இதுதான் இருந்திருக்கும் என்ற கணிப்பாக வருகின்றன. ஒரே மென்பொருளுக்குள் இவையெல்லாம் அருகருகே இருப்பதால், இயல்பில் வேறான இரு செயல்கள் ஒன்றேபோல் பாவிக்கப்படுகின்றன.

இதன் பொருளை எளிய கணக்கொன்று காட்டும். கடவுச்சீட்டு அளவில், 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட பழைய படமொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வருடியெடுத்தால் கிடைப்பவை ஏறத்தாழ 8 இலட்சத்து 80 ஆயிரம் படப்புள்ளிகள். வீட்டு மண்டபத்தில் மாட்டும் 12 அங்குலத்துக்கு 15 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழமையான தரத்தில் அச்சிட வேண்டியவை 1 கோடியே 62 இலட்சம். ஆக, சுவரில் தொங்கும் படத்தின் ஒவ்வொரு பதினெட்டுப் புள்ளியிலும் ஏறத்தாழ ஒன்றுதான் உண்மையில் பதிவானது. மிகுதி இட்டு நிரப்பியது. பழைய முறை அந்த மிகுதியை அண்டைப் புள்ளிகளின் சராசரியால் நிரப்பியதால் படம் மங்கலாக வந்தது. அந்த மங்கல், இதற்கு மேல் தெரியாது என்பதை நேர்மையாகச் சொன்னது. புதிய முறை அதே இடத்தில் கண்ணிமையையும் மீசை மயிரையும் தோலின் துவாரங்களையும் வரைந்துவிடுகிறது. அடையாள அட்டையின் பிளாஸ்ரிக் உறை மடிந்து கன்னத்தின் குறுக்கே விழுந்த கோடு நீங்கும்போது, அக்கோட்டுக்கு அருகிலிருந்த மறுவோ தழும்போ கறையென்று கருதப்பட்டு அதனுடன் சேர்ந்து நீங்கிவிடக்கூடும். மறு இருந்ததென்று சொல்ல அந்த வீட்டில் எவரும் உயிரோடு இல்லையெனில், அந்த மனிதருக்கு மறுவே இருந்ததில்லை என்றாகிவிடும்.

கருவி கணித்து வரையும் முகம் யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது. பழைய முகங்களைக் கூர்மையாக்கப் பரவலாகப் பாவிக்கப்படுவதும் 2021இல் வெளியானதுமான ஜிஎஃப்பிகான் என்னும் திறந்த மென்பொருள், இணையப் படப் பகிர்வுத் தளமொன்றிலிருந்து திரட்டிய 70,000 முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அந்தத் தளத்தில் படமேற்றியவர்களின் உலகமே அக்கருவி அறிந்த உலகம். வடமராட்சிக் கரையில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் காய்ந்த முகங்கள் அதில் எத்தனை இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 2020 ஜூனில், அதே முகத்தொகுதியில் பயின்ற மாதிரியைக் கொண்டு மங்கலான படத்திலிருந்து தெளிவான முகத்தைப் படைக்கும் இன்னொரு கருவிக்கு, அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் மங்கலாக்கப்பட்ட படம் கொடுக்கப்பட்டது. வந்தது ஒரு வெள்ளையரின் முகம். ஒபாமாவின் முகத்தை உலகம் அறிந்திருந்ததால் அந்தத் தவறு ஒரே நாளில் பிடிபட்டது. வல்வெட்டித்துறையில் எவர் வீட்டுப் பாட்டனாரையோ உலகம் அறியாது; அவருக்கு நேர்வதை எவரும் பிடிக்கப் போவதில்லை.

இது வீட்டுச் சுவரோடு நின்றுவிடும் சங்கதியன்று. யாழ்ப்பாணத்து வழக்கில் ஒருவர் இறந்த 31ஆம் நாளில், அவர் வாழ்க்கையையும் வம்சத்தையும் குறித்துக் ‘கல்வெட்டு’ என்றும் நினைவுமலர் என்றும் வழங்கும் சிறு நூல் வெளியிடப்படுகிறது. அரச ஆவணங்கள் அழிந்தும் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தும் போன ஒரு நிலத்தில், குடும்ப வரலாற்றுக்கும் ஊர் வரலாற்றுக்கும் இந்நூல்கள் மூலச் சான்றுகளாகின்றன; நூலகம் நிறுவனம் போன்றவை அவற்றைச் சேகரித்து எண்ணிம வடிவில் பாதுகாத்தும் வருகின்றன. அந்தச் சான்றின் முதற்பக்கத்தில் கணித்து வரையப்பட்ட முகமொன்று எந்தக் குறிப்புமின்றி அச்சேறினால், அடுத்த தலைமுறைக்கு அதுவே மூலப் படமாகிவிடும். கசங்கிய அசல் படமோ, வேலை முடிந்ததென்று திருப்பிக் கொடுக்கப்பட்டுக் காலப்போக்கில் தொலைந்துபோகும்.

ஊரின் பொதுவான பெருமைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற புதுப் பெயருடன் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் பழைய படங்களை எடுத்துக்கொள்ளலாம். அவ்வகைக் கப்பலின் திறம் அதன் கயிறுகளிலும், பருமல் எனப்படும் குறுக்குக்கட்டைகளிலும், அவை பாய்மரத்தோடு பிணையும் இடங்களிலும் இருக்கிறது. அதைக் கட்டிய மேத்திரிமாரின் கைவேலையைப் பற்றி இன்று அறிய வேண்டுமென்றால் அப்படங்களைத்தான் நுணுகிப் பார்க்க வேண்டும். உருப்பெருக்கும் கருவிக்குக் கயிற்றின் தொழில் தெரியாது. கயிறுபோலத் தோன்றும் கோடுகளைத்தான் அது வரையும், அக்கோடு ஒரு கட்டையில் முடிகிறதா வெறும் வானில் கரைகிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை. தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஏறும் பட்டங்களின் கதியும் இதுவே. 2024 ஒக்டோபரில் போட்டோசொப்பில் சேர்ந்த வசதி, வானத்தின் குறுக்கே செல்லும் கம்பிகளைத் தானே கண்டு அகற்றுகிறது. அந்த வானத்தில் பட்ட நூலும் மெல்லிய நீண்ட கோடுதான். நூலில்லாத பட்டம் பார்வைக்குத் துப்புரவாக இருக்கலாம்; ஆனால் அது அந்தக் கரையில் எவரும் ஏற்றாத பட்டம்.

பழைய ஸ்ரூடியோக்களும் பொய் செய்தவைதாமே, எதிர்மறைத் தகட்டில் பென்சிலால் திருத்தினார்களே, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டினார்களே என்பது இவ்வழக்கத்தின் ஆதரவாளர் தரும் மறுமொழி. செய்தது உண்மைதான். ஆயினும் கையால் தீட்டிய வர்ணம் தீட்டியதென்று எவருக்கும் தெரிந்தது. சேலையின் நிறத்தை வீட்டாரிடம் கேட்டறிய அங்கே ஒரு மனிதர் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தகடு பெட்டியில் இருந்தது. தாயொருத்தி தெளிந்த முகத்தைக் கண்டு ஆறுதல் அடைவதை எவர் தடுப்பது என்பது அடுத்த மறுமொழி. ஆறுதல் பெரிது, ஆனால் தன் பிள்ளையின் முகத்தில் எவ்வளவு பிள்ளையுடையது, எவ்வளவு இயந்திரம் இட்டது என்று அவளுக்குச் சொல்லாமல் கொடுக்கும் ஆறுதல் அவளை ஏமாற்றுவதாகும். 2021 ஏப்ரலில், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்படுமுன் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்கள் சில, நிறமூட்டப்பட்டதோடு முகங்களில் சிரிப்பும் ஏற்றப்பட்டு ஒரு சர்வதேச ஊடகத்தில் வெளியாயின. அந்நாட்டுக் கலாசார அமைச்சு கண்டித்ததும் அவை நீக்கப்பட்டன. போரில் மாண்டவர்களின் படங்கள் வீடுதோறும் இருக்கும் ஒரு மண்ணுக்கு இதைவிட நெருங்கிய எச்சரிக்கை தேவையில்லை.

படத்தில் எது எவ்வாறு மாற்றப்பட்டது என்பதைக் கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கும் உள்ளடக்கச் சான்று முறையை அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் கொண்டுவந்துள்ளமை உண்மை; அதைக் காட்டிக் கவலைப்பட வேண்டியதில்லை என்போரும் உளர். ஆனால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் படங்கள் ஊருக்கு வருவதும் திரும்பிப் போவதும் பெரும்பாலும் வட்ஸ்அப் வழியே. அது படத்தைச் சுருக்கும்போது கோப்புக்குள் இருந்த குறிப்புகள் கழன்றுவிடுகின்றன. அச்சான படத்திலோ அவை இருக்க வழியே இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை சோதிப்பவர் கையிலேயே இருக்கின்றன. புதிய பதிப்பை உண்மையாகவே சோதிக்க விரும்புபவர், உயிரோடிருக்கும் தன் வீட்டார் ஒருவரின் தெளிவான படத்தை எடுத்து, அதைச் சிறிதாக்கி, மங்கலாக்கி, கீறலிட்டு, பிறகு மென்பொருளிடம் கொடுத்து, வந்த முகத்தை அசல் முகத்தோடு ஒப்பிட வேண்டும். ‘கொ’ என்று தட்டிப் பார்த்த காலத்தின் ஒழுங்கு அப்போதுதான் படத்துக்கும் வரும். பழைய படத்தை எதற்கும் முன் உயர்ந்த தரத்தில் வருடியெடுத்து, எந்தத் திருத்தமும் தொடாத கோப்பாக வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். முகத்தை இயந்திரம் தொட்டிருந்தால் அதை நினைவுமலரில் படத்தின் கீழே ஒரு வரியில் தமிழில் அச்சிட வேண்டும். இம்மூன்றையும் செய்யாமல், வெளியாகும் பதிப்பிலெல்லாம் இறந்தவர்களின் முகங்களை இட்டுப் பார்ப்பவர் தன் தொழில்திறனை எவ்வளவுதான் வளர்த்துக்கொண்டாலும், அவர் கைபட்ட படம் சான்றாக நிற்காது. மங்கலாயினும் கீறல் விழுந்ததாயினும் கையிலிருக்கும் அசல் படமே அந்த மனிதரின் படம். அதை எறிந்துவிட வேண்டாம்.