மணிக்கட்டில் கேட்கிறது!

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் இப்போது என் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடுகிறது! சுற்றிலும் உப்பளம் இருக்கிற மரக்காணத்தில் நல்ல தண்ணீர் என்றால் தங்கம். காது மந்தமான நான் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், தெருவே கூடிக் கத்தினாலும் எனக்கு எட்டாது. இப்போது போனைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிடுகிறேன். வழிகிற தண்ணீர் அங்கேதான் கொட்டும். அந்தச் சத்தத்தைப் போன் பிடித்துக் கைக்கடிகாரத்தை அதிரவைத்ததும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துகிறேன்.

இதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. எல்லாம் 2020-இல் ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுள் கொடுத்த 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' வசதிதான். தண்ணீர் கொட்டுவது, கதவு தட்டுவது, குழந்தை அழுவது, நாய் குரைப்பது, சைரன், தீ அலாரம் என்று பிரித்தறிந்து, போனை அதிரவைக்கும், ஃபிளாஷ் அடிக்கும், எழுத்திலும் காட்டும். அதனோடு சேரும் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதற்கும் சொல்லிவிடும். இன்டர்நெட் கூட வேண்டாம். எல்லாக் கணக்கும் போனுக்குள்ளேயே நடப்பதால் வீட்டுப் பேச்சு வெளியே போகாது. ஐபோனிலும் அதே ஆண்டு இப்படியொரு வசதி வந்தது. அதன் பட்டியலில் கார் ஹாரனும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உச்சகட்டம் எது தெரியுமா? என் போனின் பட்டியலில் இல்லாத சத்தத்தையும் பதிவு செய்து பழக்கலாம். எங்கள் குக்கர் விசிலை நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன்! பருப்பு கருகுகிற காலம் ஏறக்குறைய போயே போய்விட்டது.

பேச்சுக்கு கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' இருக்கிறது. 2019-இல் வந்தது, எதிரில் இருப்பவர் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாக்கும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனேவ்ஸ்கி, சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். பின்னே, பட்டவருக்குத்தானே தெரியும்! நம் ஊர் வேகத்துக்குச் சில சொற்களை அது கோட்டைவிடும், பரவாயில்லை.

உப்பளத்து வரப்பில் மட்டும் எந்த போனும் திணறும். கடற்காற்று மைக்கில் மோதி மற்றெல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். அங்கே லாரி பின்னால் வருகிறதா என்று இன்னும் கண்ணால்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆபத்துக்கு 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' வசதியை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று கூகுளே சொல்கிறது. காது மெஷினையும் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் காது கேளாத பெரியவர் யாராவது இருந்தால், அவர் போனின் செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பகுதியைத் திறந்து, இன்றைக்கே இந்த வசதியைப் போட்டுக் கொடுங்கள். காசு கிடையாது.