மனோரமாவின் நகைச்சுவை நடிப்பு: ஒரு மதிப்பீடு

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் மனோரமாவின் (1937-2015) பெயர் பெரும்பாலும் ஓர் எண்ணோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்னும் அப்பெருமை உண்மையே; கின்னஸ் பதிவிலும் அது இடம்பெற்றது. எனினும் எண்ணிக்கையின் பெருமை நடிப்பின் தன்மையை ஆராயும் தேவையை மறைத்துவிட்டது.

கோபிசாந்தா என்னும் இயற்பெயருடன் மன்னார்குடியில் பிறந்த அவர், காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்தார். நாடக மேடையே அவருக்குப் பயிற்சிக் களமாயிற்று. கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதைத் தலைவியாகவும் நடித்தார். ஆயினும் அவரது ஆற்றல் வெளிப்பட்ட களம் நகைச்சுவையும் குணச்சித்திரமுமேயாகும்.

அந்நடிப்பின் அடித்தளம் மொழியாகும். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைப் பேச்சுவழக்கில் அவர் பாடி நடித்த பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாகத் தோன்றினார். கொத்தமங்கலம் சுப்புவின் புதினத்தை ஏ.பி.நாகராஜன் படமாக்கியபோது, நாதசுவரமும் பரதமும் உயர்கலைகளாகப் போற்றப்படும் அக்கதையுலகில் ஊர் ஊராகச் செல்லும் நாடகக்காரிக்குக் கிடைக்கும் இடம் தாழ்ந்ததே. மனோரமா அவளைக் கேலிப்பொருளாக்கவில்லை. அவளது இழுத்துப் பேசும் பேச்சு சிரிப்பூட்டுகிறது. கலையின்மீது அவள் கொண்ட மதிப்போ சிரிப்புக்கு அப்பால் நிற்கிறது. மேடை வாழ்வை அறிந்தவர் என்பதால் அவ்வேறுபாடு அவருக்குக் கைவந்தது எனலாம்.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வீட்டுவேலை செய்யும் கண்ணம்மா இத்திறத்தின் மற்றொரு சான்றாகும். நடுத்தரக் குடும்பத்தின் பூசலில் தலையிட அவளுக்கு உரிமையில்லை. அவ்வுரிமையை அவள் வாய்த்திறத்தாலேயே பெறுகிறாள். சொல்லத் துணியாதவற்றைச் சொல்லும் வாயிலாக நகைச்சுவை இங்கு அமைகிறது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. 'நடிகன்' (1990) படத்தில் மணமாகாத மூத்த பெண்ணின் காதலே நகைப்புக்குரியதாக்கப்படுகிறது. வயது முதிர்ந்த பெண்ணின் ஆசையைக் கேலி செய்யும் வழக்கத்தைத் திரைக்கதை கேள்விக்குட்படுத்தவில்லை. ஆனால் நாணத்தையும் எதிர்பார்ப்பையும் மெய்யானவையாக வெளிப்படுத்திய நடிப்பு, அக்கேலியைப் பார்வையாளர் முழுமையாக ஏற்கவிடாமல் தடுக்கிறது. எழுத்துக்கும் நடிப்புக்கும் இடையிலான இம்முரண், நகைச்சுவை நடிகைக்குத் தமிழ்த் திரை வகுத்த எல்லையைக் காட்டுகிறது.

'புதிய பாதை' (1989) படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 2002இல் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. 'சின்னத்தம்பி' (1991) படத்தில் இழிவுக்குள்ளாகும் கைம்பெண் தாயாக அவர் நடித்ததும் பாராட்டப்பட்டது. இத்துயர வேடங்களே அவரது உண்மையான ஆற்றலைக் காட்டின என்று கருதுவது, சிரிப்பைத் தாழ்ந்த சுவையாகக் கொள்ளும் பிழையாகும். எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தது தொல்காப்பியம். துயரக் காட்சிகளில் வெளிப்படும் குரற்கட்டுப்பாடும் தாளமும் நகைச்சுவையில் உருவானவையே.

ஆகவே மனோரமாவின் பங்களிப்பை எண்ணிக்கையாலோ அவர் ஏற்ற துயர வேடங்களாலோ மட்டும் அளத்தல் போதாது. எளிய பெண்களின் பேச்சைச் சிரிப்பின் வழியே திரையில் நிலைநாட்டி, அவர்களின் மதிப்பைக் குறையாது காத்ததே அவரது சாதனை என்பது தெளிவாகிறது.