தேவைகள் யாருடையவை? மென்பொருட் பொறியியலும் தோட்டத்துச் செக்ரோலும்

மென்பொருட் பொறியியல் என்னும் தொடர் 1968ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே பரவலான வழக்குக்கு வந்தது. பெருஞ் செய்நிரல்கள் காலந்தாழ்த்தியும் செலவு மீறியும் பிழை மலிந்தும் வெளிவந்தமையே அம்மாநாட்டுக்குக் காரணமாயிற்று. தேவைகளை அறிதல், வடிவமைத்தல், செய்நிரலாக்கல், சோதித்தல், பராமரித்தல் என்னும் படிகளை இத்துறையின் அறிமுக நூல்கள் விளக்குகின்றன. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் தேவைகள் தம்முள் முரண்படும்போது, செலவு செய்பவரின் தேவையே இறுதியில் தேவையாகிவிடுகின்றது. பல்வேறு பயனர்களைப் பற்றிப் பேசும் நூல்களும் அவர்களிடையேயுள்ள வர்க்க முரண்பாட்டைப் பேசுவது அரிது. இதனை மலையகத் தோட்டத்துச் செக்ரோலைக் கொண்டு பரிசீலிக்கலாம்.

செக்ரோல் வெறும் வரவுப் பதிவேடன்று. அன்று யாருக்குப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப்பேர், எத்தனை கிலோ கொழுந்து என்பவற்றைத் தாங்கிய கூலியின் ஆவணம் அது. 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், காலப்போக்கில் கணினிச் செக்ரோலும் மின்னணுத் தராசும் பல தோட்டங்களில் இடம்பெற்றன. செய்நிரலாளர் தேவைகளைக் கேட்கச் செல்லும் இடம் தோட்டத்து ஆபீஸ். துரையும் பெரிய கிளாக்கரும் விதியைச் சொல்வர்: குறித்த கிலோ நிறைந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். செய்நிரலில் இது ஒரே நிபந்தனைக் கூற்றாகிவிடும். மழைநாளுக்கும், கவ்வாத்து வெட்டிய மலைக்கும், புல் மண்டிய நிரைக்கும் அதில் இடமில்லை. பழைய முறை நீதியானதென்பது நம் கருத்தன்று. சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் கிலோ பற்றிய முறைப்பாடு நெடுங்காலத்தது. ஆயின், கணக்கப்பிள்ளையோடு தராசடியில் வாதிட முடிந்தது. கணினியோடு வாதிட முடியாது.

சோதனைமுறைகளுள் எல்லைப் பெறுமானச் சோதனை முக்கியமானது. பிழைகள் எல்லையருகிலேயே மிகுதியும் தோன்றும் என்பது அதன் அடிப்படை. அளவு 18 கிலோ எனக் கொண்டால், 17, 18, 19 ஆகியவற்றை இட்டுப் பார்க்க வேண்டும். தொழிலாளியின் தகராறும் அந்த எல்லையிலேயே பிறக்கின்றது. 19 கிலோவில் இரண்டு கிலோ கழிவாகப் போனால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். செய்நிரலில் பிழையில்லை, அது எல்லாச் சோதனையிலும் தேறும். ‘சரியாகச் செய்தோமா’ என்பதும் ‘சரியானதைச் செய்தோமா’ என்பதும் வெவ்வேறு வினாக்கள் என இத்துறையே போதிக்கின்றது. இரண்டாம் வினாவைக் கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை.

பராமரிப்பும் இத்தகையதே. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வாயிலாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பறிக்க வேண்டிய கிலோ உயர்த்தப்பட்டதெனத் தொழிலாளரும் சங்கங்களும் முறையிட்டனர். செய்நிரலைப் பொறுத்தவரை இவை இரு எண்களின் மாற்றங்களே. சம்பள எண் நாடறிய மாறுகின்றது. கிலோ எண் ஆபீசுக்குள் மாறுகின்றது. மாற்றத்தை யார், எப்போது, எவர் ஒப்புதலுடன் செய்தார் எனப் பதிய வேண்டுமென்பது இத்துறையின் அரிச்சுவடி. அப்பதிவு தொழிலாளிக்கு எட்டாதவரை அந்நடைமுறை அரைகுறையானதே.

வேறு வழி இல்லாமலில்லை. சிமுலா என்னும் கணினி மொழியை ஓலே யோகான் டாலுடன் இணைந்து உருவாக்கிய கிறிஸ்டன் நைகார்ட், 1970களின் முற்பகுதியில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் பணியாற்றினார். சங்கத்தினர் தமது தொழிற்றலங்களின் கணினி முறைகளைத் தாமே கற்று ஆராய்ந்தனர். அவற்றைப் புகுத்துவதில் தொழிலாளர்க்கும் குரலளிக்கும் உடன்படிக்கைகள் அத்தசாப்தத்தின் நடுப்பகுதியில் உருவாயின. உயர்ந்த கூலியும் வலுவான சங்கங்களும் கொண்ட அந்நாட்டின் அனுபவத்தை மலையகத்தில் அப்படியே பெயர்க்க இயலாது. அதன் பாடம் மட்டும் பொருந்தும்: தேவைகளை வரையறுப்பதும் ஒரு தொழிற்சங்கப் பிரச்சினையே.

ஆகவே நிறுத்த கிலோ, கழிவு, எஞ்சிய கிலோ, அன்றைய அளவு ஆகிய நான்கும் தமிழில் அச்சிட்ட துண்டாகத் தராசடியிலேயே தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். அளவை மாற்றினால் திகதியுடன் பிரட்டுக்களத்தில் அறிவிக்க வேண்டும். செய்நிரலுக்கு இவை கடினமான பணிகளல்ல. தேவைகளின் பட்டியலில் இவற்றை எழுதுவிப்பதே கடினம். இன்று இத்துறையைக் கற்கும் மலையக மாணவரும் கூட்டுப்பேரத்தில் அமரும் சங்கங்களும் ஒருங்கிணைந்து ஏற்க வேண்டிய பணி அதுவேயாகும்.