தச்சன் பெயர் தாங்கிய மாளிகை

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில், காங்கிள்டன் நகருக்குத் தென்மேற்கே, அகழி சூழ நிற்பது லிட்டில் மோர்ட்டன் மாளிகை. நேர்க்கோடு ஒன்றேனும் உண்டோ என ஐயுறும் வண்ணம் அதன் சுவரும் தளமும் சாய்ந்தும் தொய்ந்தும் காணப்படுகின்றன. இக்கோணலையே அழகெனப் போற்றுவார் பலர். அஃது அழகா, பிழையா என்பது ஆராயத்தக்கது.

1504-ஆம் ஆண்டையொட்டி வில்லியம் மோர்ட்டன் என்னும் நிலக்கிழார் தொடங்கிய இவ்வில்லத்தை, அவர் வழியினர் ஏறத்தாழ 1610 வரை பகுதி பகுதியாக வளர்த்தனர். ஓக் மரத் தூண்களும் விட்டங்களுமே இதன் எலும்பு. இடைவெளிகளை அடைத்த சாந்து வெறும் தோல். பச்சை மரத்தையே செதுக்கி, கழுந்தைத் துளையில் செருகி, மர ஆணியால் இணைப்பது அக்காலத் தச்சர் வழக்கம். மரம் உலர உலர முறுக்கிக்கொள்ளும். ஆகவே சிறு கோணல் இக்கலைக்கு இயல்பேயன்றிக் குறையன்று.

பெருங்கோணலின் காரணம் வேறு. தெற்குப் பகுதியின் உச்சியில் 68 அடி நீளக் கூடம் ஒன்றை எழுப்பி, அதன்மேல் கனத்த கற்பலகைகளை வேய்ந்தனர். மழைநாளில் உலாவவும் விளையாடவும் இத்தகைய நீள்கூடம் வேண்டுமென்பது அக்காலச் செல்வரின் மோகம். (பலகைச் சுவருக்குப் பின்னிருந்து பழைய டென்னிஸ் பந்துகளும் கிடைத்துள்ளன!) கீழ்த்தளங்கள் அப்பாரம் தாங்காது வளைந்தன, பின்னாளில் எஃகுக் கம்பிகளால் பிணிக்க நேர்ந்தது. இதனை அழகெனல் பொருந்தாது. ஆசை அளவை மீறிய இடம் இது. அக்கூடத்தின் இரு கோடியிலும் சாந்துருவங்கள் உள்ளன: ஒருபுறம் அறிவு ஆளும் விதி, மறுபுறம் அறியாமை ஆளும் நற்பேற்றுச் சக்கரம். சமக்குறியை வழங்கிய ராபர்ட் ரெக்கார்டு 1556-இல் வெளியிட்ட வானியல் நூலைத் தழுவியவை அவை. எடைக்கணக்குப் பாராத கூடத்தில் அறிவுக்கு உருவம் அமைத்தது நல்ல நகைமுரண்.

கறுப்பு வெள்ளைத் தோற்றமும் பழமையானதன்று. தொடக்கத்தில் மரம் பூச்சின்றி இயல்பு நிறத்திலும், சாந்து காவிமஞ்சளிலும் விளங்கின. கருமை பூசியது விக்டோரியா காலத்துச் சுவையே. பழமையென எண்ணி இந்நிறத்தை வியப்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டையே வியக்கின்றனர்.

இவ்வில்லம் பிழைத்ததற்கு வறுமையும் துணை எனலாம். 1642-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடும்பம் செல்வம் இழந்தது. வீடு குத்தகை உழவர் கைக்குச் சென்றது. இடித்துப் புதுப்பாணியில் கட்டப் பொருள் இல்லாமையால் மரவேலை அப்படியே எஞ்சியது. 1938-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பொறுப்பேற்றது.

முற்றத்தில் ஒன்றையொன்று நெருங்கி, இரு மாடி உயரத்திற்கு வெளிநீண்ட சாளரங்கள் இரண்டு உள்ளன. 1559-இல் அமைந்த அவற்றில், செய்வித்த மோர்ட்டன் பெயரோடு, செய்த தச்சர் ரிச்சர்டு டேல் பெயரும் தொழிற்பெயருடன் பொறிக்கப்பட்டுள்ளது. உளி பிடித்தவன் பெயர் உடையவன் பெயருக்கு அடுத்து நிற்பது எக்காலத்தும் அரிது. நீள்கூடத்தின் பிழையை எடைபோடுவோர் இச்சாளரங்களையும் உடன்வைத்தே எடைபோடல் வேண்டும்.