புத்தாண்டின் முதல் நூல்

புத்தாண்டு பிறந்ததும் அவ்வாண்டில் முதலாவதாக வாசித்த நூலை ஒருவருக்கொருவர் கூறிக்கொள்வது வாசகரிடையே உள்ள நல்வழக்கம். ஆயின், தலைப்பை அறிவிப்பதோடு அது நின்றுவிடின், நூலைப் பகிர்வதற்கும் புத்தாடையைக் காட்டி மகிழ்வதற்கும் வேறுபாடு யாது?

ஒருவரது முதல் நூல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) என்று கொள்வோம். யாழ்ப்பாணத்தில் பள்ளர், பறையர், நளவர், அம்பட்டர், வண்ணார் என ஒதுக்கப்பட்டோரின் வாழ்வையும் போராட்டத்தையும் கூறும் நாவல் அது. பொது இடங்களில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அம்மக்கள் போராடவேண்டியிருந்தது. சட்டத்திற்கும் வாழ்விற்கும் இடையிலான இத்தூரத்தையே நாவல் காட்டுகிறது. மண்ணின் பேச்சுமொழி அதன் பலம். ஆசிரியரின் கொள்கைக்குரல் பாத்திரங்களின் குரலை மேவும் இடங்கள் அதன் குறை. அக்குறையை மறைப்பது விமர்சனமன்று. அதனையே சாட்டாக்கி அம்மக்களின் வாழ்வை இலக்கியத்திற்குப் புறம்பாக்குவதும் விமர்சனமன்று.

இத்தகைய நூலைப் பகிர்பவர் “நன்று” எனக் கூறி அமைதல் போதாது. நம் ஊரில் எக்கிணறு, எவ்வாயில் இன்றும் எவருக்கு மூடிக்கிடக்கிறது என்ற வினாவையும் உடன் கையளித்தல் வேண்டும். நூல் வாங்க வசதியற்ற அயலவர் கேட்க, ஓர் அத்தியாயத்தை உரக்க வாசித்தல் அதனினும் நன்று. அவர்கள் கூறும் மறுமொழியிலேயே அந்நூலின் உண்மையான மதிப்பீடு தொடங்கும்.