இரைச்சலோடு ஒரு வள்ளி

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்துக்கு ரெண்டு ஒலிப்பதிவு கிடைத்தால் எதைக் கேட்பது? ஸ்டூடியோவில் துடைத்து வைத்ததையா, சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்து ஊர்த் திருவிழா மேடையில் பதிந்ததையா? மேடையில் பதிந்ததைத்தான் என்பேன்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசித்தான் வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது. நாரதரும் வள்ளியும் மேடையில்தான் மோதிப் பார்க்கிறார்கள். அந்தத் தர்க்கம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதில் எதிரே உட்கார்ந்திருக்கும் சனத்துக்கும் பங்குண்டு. சிரிப்பையும் விசிலையும் வெட்டிவிட்டால், ஒரு அடியை ஏன் திரும்பத் திரும்பப் பாடினார்கள் என்பதே விளங்காது.

எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) இசைத்தட்டுகளைக் கேளுங்கள். பக்கத்துக்கு மூணு சொச்சம் நிமிஷம். குரல் தங்கியது, விடிய விடிய நடந்த நாடகம் தங்கவில்லை.

அதற்காக எல்லா இரைச்சலையும் கொண்டாட வேண்டியதில்லை. ஜெனரேட்டர் உறுமல் வசனத்தை விழுங்கினால் அது பதிந்தவரின் குறை. ஆனால் சலங்கைச் சத்தம், பலகை அதிர்வது, ஆர்மோனியக்காரர் இடையில் போடும் ‘சபாஷ்’, இதெல்லாம் நாடகத்துக்குள்ளேதான் இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு வள்ளியின் குரல் கரகரக்கும். ராத்திரி முழுக்கப் பாடிய உழைப்பு அது. ஸ்டூடியோ பதிவில் அந்தக் கரகரப்புக்கு இடமில்லை.